மான்டே கார்லோ போகிறவருக்கு

காலையில் கடற்கரைச் சாலையில் நடக்க வரும் எங்கள் குழுவில் ஒரு நண்பர் அடுத்த மாதம் பிரான்சுக்குப் போகிறார். மகள் வீடு துலூஸில். "மருமகப்பிள்ளை நீஸ் பக்கம் நாலு நாள் அழைச்சிட்டுப் போறேன்னு சொல்றார். மான்டே கார்லோவும் உண்டாம். எனக்கு ரம்மியே சரியா ஆடத் தெரியாது. காசினோ தவிர அங்கே என்ன சார் இருக்கு?" என்று கேட்டார். காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை சொல்லிக்கொண்டே வந்தேன். முடியவில்லை. மீதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அவரிடம் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்றும் இருக்கிறது. அதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் போனது 2014 செப்டம்பரில். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து எங்கெங்கோ போய்விட்டு, பென்ஷன் வாங்கிக்கொண்டு நீஸ் நகரில் குடியிருந்தார். நம் ஊரில் சொல்தா பென்ஷன் என்றால் என்ன மரியாதை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நானோ ஏழு வயதில் தொடங்கிப் பிரெஞ்சிலேயே படித்துவிட்டு, பிறகு முப்பத்தைந்து வருஷம் ஆங்கிலக் கோப்புகளோடு மாரடித்த குமாஸ்தா. படித்த பிரெஞ்சு எதற்காவது பயன்பட்டதென்றால் அந்த ஒரு மாதம்தான் பயன்பட்டது.

நீஸிலிருந்து மொனாக்கோவுக்கு ரயிலில் இருபது இருபத்தைந்து நிமிஷம். ஆனால் ரயில் பாதி தூரம் குகைக்குள் போகும். நேரம் இருந்தால் பஸ்ஸில் போங்கள். அப்போது 100-ஆம் எண் பஸ், டிக்கெட் ஒன்றரை யூரோ. மலைக்கும் கடலுக்கும் நடுவே வளைந்து வளைந்து வில்ஃப்ராஞ்ஷ், போலியே, ஏஸ் என்று ஒவ்வொரு ஊராகத் தொட்டுப் போகும். போகும்போது வலது பக்கம் உட்கார வேண்டும், கடல் அந்தப் பக்கம். இந்த ஒன்றரை யூரோவுக்குக் கிடைக்கும் காட்சியை மான்டே கார்லோவில் எந்த மேஜையிலும் வாங்க முடியாது.

ப்ளாஸ் தார்ம் என்ற இடத்தில் இறங்கினோம். இறங்கிய இடத்திலேயே கொந்தமீன் சந்தை, 1880-இலிருந்து இருக்கிறது. பணக்கார ஊர், தண்ணீர் குடித்தால்கூட சொத்தை எழுதிக் கேட்பார்கள் என்று பயந்துகொண்டே போனவன் நான். இந்தச் சந்தையில் நம்மைப் போன்றவர்கள் பசியாறலாம். கடலை மாவைக் கரைத்துப் பெரிய தட்டில் ஊற்றி அடுப்பில் சுட்ட சொக்கா என்று ஒன்று, நம் அடைக்குத் தூரத்து உறவு. மிளகுத்தூள் போட்டுத் தருகிறார்கள். இன்னொன்று பார்பாஜுவான். கீரையும் பாலாடைக்கட்டியும் உள்ளே வைத்து மடித்து எண்ணெயில் பொரித்தது. பார்த்தவுடன் "அட, சோமாசு!" என்றேன். அந்தப் பெயருக்கு அர்த்தம் 'ஜான் மாமா' என்பதாம். மாமா பெயரில் ஒரு பலகாரம் வைத்திருக்கும் ஊர் மோசமான ஊராக இருக்காது என்று எனக்குப் பட்டது.

அங்கேதான் மச்சான் சொன்னார்: "மாப்ளே, எனக்கு முட்டி வலி. நீங்க மேலே போய் எல்லாத்தையும் நிதானமா பாத்துட்டு வாங்க. நான் ஒரு பழைய சிநேகிதனைப் பாக்கணும். ரெண்டு மணிக்கு ஒப்பேராவுக்குப் பின்னால மாடித் தோட்டத்துல நிக்கறேன்." நானும் சரி என்றேன். பட்டாளத்துக்காரருக்கு ஊர் ஊராக சிநேகிதர்கள் இருப்பது வழக்கம்தானே.

மேலே என்றால் பாறை. பழைய மொனாக்கோ அந்தப் பாறையின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. அரண்மனை, தேவாலயம், குறுகலான தெருக்கள் எல்லாம் அங்கே. நடந்தும் ஏறலாம், முட்டி ஒத்துழைக்காதவர்களுக்கு 1, 2 எண் டவுன் பஸ்கள் மேலே போகின்றன. அரண்மனை வாசலில் தினமும் 11.55-க்குக் காவல் மாறும். பன்னிரண்டுக்கு என்று வைத்திருக்கலாம். 11.55 என்று ஒரு அரசாங்கம் நேரம் குறித்து, அதைத் தவறாமல் நடத்துவதைப் பார்க்க ஒரு முன்னாள் அரசு ஊழியனுக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சமல்ல. காசு கிடையாது. கூட்டம் சேரும், முன்னதாகப் போய் நில்லுங்கள்.

தேவாலயத்தில் மன்னர் குடும்பத்தாரின் கல்லறைகள் இருக்கின்றன. 1982-இல் கார் விபத்தில் இறந்த இளவரசி கிரேஸும் அங்கேதான். நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அவர் கிரேஸ் கெல்லி. சினிமா நட்சத்திரத்தின் கல்லறை என்று தேடிக்கொண்டு போனால் ஏமாந்துபோவோம். மற்றவர்களுடையதைப் போல அதுவும் தரையோடு தரையாக ஒரு பலகைக்கல். லத்தீனில் பெயர். ஒரு பூ. அவ்வளவுதான்.

அதற்கு அடுத்தாற்போல் கடலோரமாக ஒரு தோட்டம். உள்ளே முதலாம் ஆல்பர்ட் இளவரசரின் சிலை. நாட்டை ஆண்டவர் சிலை என்றால் குதிரை மேல் இருக்கும், இல்லாவிட்டால் சிம்மாசனத்தில் இருக்கும். இவர் மாலுமி உடையில் கப்பலின் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வாழ்நாளெல்லாம் கடலை ஆராய்ந்தவர். அவர் எழுப்பியதுதான் பக்கத்தில் இருக்கும் கடலியல் அருங்காட்சியகம். 1899-இல் அடிக்கல் நாட்டி 1910-இல் திறந்தார்கள். கடலிலிருந்து 85 மீட்டர் உயரத்தில், பாறையின் விளிம்பிலேயே கட்டியிருக்கிறார்கள். கீழிருந்து பார்த்தால் பாறையே கட்டடமாக வளர்ந்ததுபோல் இருக்கும். கடலுக்கடியில் படமெடுத்த கூஸ்தோ 1957 முதல் முப்பது வருஷத்துக்கு மேல் இதன் இயக்குநராக இருந்தார். உள்ளே கீழ்த்தளத்தில் மீன் தொட்டிகள், மேலே திமிங்கில எலும்புக்கூடு, பழைய ஆராய்ச்சிக் கருவிகள், பித்தளை, கண்ணாடி, மரப்பெட்டிகள். இதற்குக் கட்டணம் உண்டு, கொஞ்சம் கனமான கட்டணம்தான். கொடுங்கள். மொனாக்கோவில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் காசு செலவழிப்பேன் என்று முடிவு செய்தால் இதற்குச் செலவழியுங்கள். நான் இரண்டு மணி நேரம் இருந்தேன். ஒரு ஆக்டோபஸ் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தது. எங்கள் பழைய சூப்பரின்டெண்டென்ட் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்ப்பாரே, அதே பார்வை.

நேரம் பார்த்தால் ஒன்றரை. அவசரமாகக் கிளம்பினேன். மொனாக்கோ மொத்தமே இரண்டு சதுர கிலோமீட்டர்தான், ஆனால் அது சாய்வான இரண்டு சதுர கிலோமீட்டர். அதனால் பொது லிஃப்டுகள் வைத்திருக்கிறார்கள். தெருவிலிருந்து தெருவுக்கு லிஃப்ட், கட்டணமில்லை. கைத்தடி ஊன்றிய கிழவிகள் காய்கறிப் பையோடு ஏறி மேல் தெருவில் இறங்கிப் போகிறார்கள். மான்டே கார்லோவில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் இந்த லிஃப்டுகளைத்தான் சொல்வேன்.

கார் பந்தயம் நடக்கும் சாலையும் இதே சாலைதான். 1929-இலிருந்து நடத்துகிறார்கள். மற்ற நாட்களில் அதில் டவுன் பஸ் ஓடுகிறது, நாமும் நடக்கலாம். பந்தயம் நடக்கும் சமயத்தில் மட்டும் போகாதீர்கள்.

காசினோவையும் பார்க்கத்தான் வேண்டும், ஆட வேண்டாம். அதற்குள்ளேயே இருக்கும் ஒப்பேரா அரங்கை 1879-இல் கட்டியவர் பாரிஸ் ஒப்பேராவைக் கட்டிய அதே ஷார்ல் கார்னியே. பளிங்குத் தூண்கள் நிறைந்த முன்மண்டபம் வரை சும்மாவே போகலாம். காலையில் ஆட்டம் தொடங்குவதற்கு முன் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள் அறைகளையும் சுற்றிப் பார்க்கலாம். கூரையை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்துத் திரும்பினால் அந்த டிக்கெட் சரிதான் என்று அர்த்தம்.

இதை நடத்தும் கம்பெனியின் பெயரை வாசலில் பிரெஞ்சில் படித்துவிட்டு நான் சிரித்தேன். சொசியெத்தே தே பேன் த மேர். கடல் நீராட்டுக் கழகம்! 1863-இல் வைத்த பெயர். சூதாட்டம் என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார்கள். சாராயக்கடைக்குப் பானக விற்பனை நிலையம் என்று பெயர் வைத்தது போல.

இரண்டு மணிக்கு மாடித் தோட்டத்துக்கு வந்துவிட்டேன். கீழே கடல், நல்ல காற்று, பெஞ்சு. மூன்று மணி ஆயிற்று. மச்சான் வரவில்லை. கையிலிருந்த எலுமிச்சை சாதத்தை நான் மட்டும் சாப்பிட மனமில்லை. நாலரைக்குத்தான் வந்தார். முகத்தைப் பார்த்ததுமே சிநேகிதர் யாரும் இல்லை என்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, "மாப்ளே, திரும்பிப் போக பஸ்ஸுக்கு சில்லறை இருக்கா?" என்றார்.

முந்நூறு யூரோ. அன்றைக்கு மட்டும். எந்தக் கூடத்துக்குப் போனார் என்று நான் கேட்கவில்லை. அந்த ஊரில் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன, அவர் ஊர்ப்பக்கத்திலும் இருக்கின்றன. மூன்று வருஷமாக இப்படித்தான் என்று பஸ்ஸில் சொன்னார். பென்ஷன் வந்த வாரத்தில் கிளம்பிவிடுவாராம். பேரப்பிள்ளைக்கென்று போட்டு வைத்திருந்ததிலும் கை வைத்தாகிவிட்டது. வீட்டில் தெரியாது. "எட்டு தடவை தொடர்ந்து கறுப்பு வந்துச்சு மாப்ளே. ஒன்பதாவது சிவப்பு வந்தே ஆகணுமா இல்லையா?" என்று என்னையே கேட்டார். போர்முனை பார்த்த மனுஷன், சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார்.

வர வேண்டியதில்லை. அந்தக் குண்டுக்கு முந்தைய எட்டும் ஞாபகத்தில் இருப்பதில்லை. இதே மான்டே கார்லோவில் 1913 ஆகஸ்ட் 18-ஆம் தேதி இருபத்தாறு தடவை தொடர்ந்து கறுப்பு விழுந்தது. 'இனிமேல் சிவப்புதான்' என்று ஒவ்வொரு தடவையும் சிவப்பில் கட்டியவர்கள் லட்சக்கணக்கில் இழந்தார்கள். அன்று இரவு ஒரு தாளில் குமாஸ்தா கணக்காக எழுதிக் காட்டினேன். சக்கரத்தில் பூஜ்யத்தையும் சேர்த்து 37 குழி. எல்லாக் குழியிலும் ஒவ்வொரு யூரோ வைத்தால் 37 யூரோ செலவு. எது விழுந்தாலும் வெற்றிப்பணம் 35, வைத்த ஒன்று திரும்ப வரும், ஆக 36. ஒரு யூரோ அவர்கள் பக்கம் போயே தீரும். பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கணக்குப் புரிந்ததால் பழக்கம் விட்டுவிடும் என்று நான் நம்பவில்லை. எங்கள் அலுவலகத்தில் வட்டிக்கணக்கு விரல்நுனியில் வைத்திருந்தவர்கள்தான் கந்துவட்டிக்காரனிடம் அதிகம் மாட்டினார்கள்.

பிரான்சில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. தன்னைக் காசினோவுக்குள் விடக்கூடாது என்று ஒருவர் தாமே அரசாங்கத்துக்கு விண்ணப்பிக்கலாம். மூன்று வருஷத் தடை. நடுவில் மனம் மாறினாலும் குறைக்க மாட்டார்கள். அந்த விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். முப்பத்தைந்து வருஷத்தில் எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம், பென்ஷன் பாக்கி. என் பள்ளிக்கூடப் பிரெஞ்சில், உள்துறை அமைச்சருக்கு, மிகவும் மரியாதையான வாக்கியங்களில் 'என்னை உள்ளே விடாதீர்கள்' என்று எழுதியது அந்த ஒன்றுதான். அவர் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். தங்கைக்குச் சொல்லவில்லை, மனைவிக்குச் சொன்னார். அந்த இரவு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மச்சான் இப்போது இல்லை. இரண்டு வருஷம் ஆகிறது. கடைசியாகப் போனில் பேசியபோது, "எழுதணும்னா எழுதுங்க மாப்ளே, பேர் மட்டும் போடாதீங்க" என்றார். தங்கைக்கும் அப்போது அவரே சொல்லிவிட்டார்.

இதைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நடைக்குழுவில் இன்னொரு நண்பர், என் பேச்சைக் கேட்டுவிட்டு, "அந்தத் தோட்டம், லிஃப்ட் எல்லாம் காசினோ பணத்துல வந்ததுதானே? நம்ம ஊர்லயும் ஒண்ணு வரட்டுமே, கோவா மாதிரி" என்றார். அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை, ஒப்புக்கொள்கிறேன். 1848-இல் மாந்தோன், ரொக்புரூன் இரண்டு ஊர்களும் பிரிந்து போனபின் மொனாக்கோவிடம் மிஞ்சியது பாறையும் கடனும்தான். ஃப்ரான்சுவா ப்ளான் என்ற சூதாட்ட வியாபாரி 1863-இல் காசினோவைக் கையில் எடுத்தார், 1868-இல் ரயில் வந்தது, மறு வருஷமே தன் மக்களுக்கு வரியைத் தள்ளுபடி செய்யும் அளவுக்கு அரசர் கையில் பணம் புரண்டது. நான் இலவசமாக உட்கார்ந்த பெஞ்சுக்கு என் மச்சானைப் போன்றவர்கள் எந்தக் காலத்திலோ பணம் கட்டியிருக்கிறார்கள். அதை நினைத்தால் அந்தக் கடல்காற்று அவ்வளவு இனிப்பதில்லை.

ஆனால் அந்த அரசர்கள் செய்த கெட்டிக்காரத்தனம் ஒன்றை நண்பர் கவனிக்கவில்லை. மொனாக்கோ குடிமக்கள் அந்தக் காசினோவில் ஆடக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். இன்றும் உண்டு. தோற்பது வெளியூர்க்காரன், வரி மிச்சமாவது உள்ளூர்க்காரனுக்கு. நம் ஊரில் வைத்தால் யார் வந்து உட்காருவார்கள்? அமெரிக்கக் கோடீஸ்வரனா? கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பஸ் ஏறி வருவார்கள். ஒன்றாம் தேதி பென்ஷன் வாங்கிய நம் தெருக்காரர் வருவார். அவரை உள்ளே விடாதே என்று சட்டம் போட நம்மவர்களுக்குத் துணிச்சல் உண்டா? இன்னொன்றும் சொல்கிறேன். இன்று மொனாக்கோ அரசின் வருமானத்தில் பெரும்பங்கு வாட் வரி. சூதாட்டத்தின் பங்கு சிறியது. அவர்களே தாண்டிப் போய்விட்ட படிக்கட்டில் நாம் இப்போது ஏறப் பார்க்கிறோம். காப்பியடிப்பதென்றால் லிஃப்டைக் காப்பியடிக்கலாம், அந்த அருங்காட்சியகத்தைக் காப்பியடிக்கலாம். நமக்கும் கடல் இருக்கிறது. கடலைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் காட்ட என்ன வைத்திருக்கிறோம்?

பயணத்துக்கு வருகிறேன். ஊருக்குத் திரும்புவதற்கு நாலு நாள் முன்பு இன்னொரு முறை மொனாக்கோ போனோம். இந்தத் தடவை என் மனைவி, மச்சான் மனைவி, நான்கு பேரும். யோசனை மச்சானுடையது. பாறைப்பக்கம் முடித்துவிட்டு 2-ஆம் எண் பஸ்ஸில் மலைச்சரிவில் இருக்கும் ழார்தேன் எக்ஸொத்திக் போனோம். 1933-இல் திறந்த கள்ளித் தோட்டம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த கள்ளிகள், பாறை இடுக்கெல்லாம். "நம்ம ஊர்ல வேலியோரம் வெட்டிப் போடற கள்ளிக்கு டிக்கெட்டா?" என்று என் மனைவி சொல்ல, அண்ணனும் தங்கையும் வெகுநேரம் சிரித்தார்கள். பிற்பாடு பழுதுவேலைக்காக அதை மூடினார்கள், அதனால் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். கீழே ஜப்பானியத் தோட்டமும், ஃபோன்விய் பகுதியில் இளவரசி கிரேஸ் பெயரில் ரோஜாத் தோட்டமும் இருக்கின்றன. இரண்டுக்கும் டிக்கெட் கிடையாது.

அருங்காட்சியகத்தில் நான்கு டிக்கெட்டும் மச்சான்தான் வாங்கினார். நான் பர்ஸை எடுத்தபோது கையைத் தட்டிவிட்டார். ஆக்டோபஸ் அன்றைக்குக் கல் இடுக்குக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தது. "மாப்ளே பாத்ததா சொன்னாரே, எங்கே அது?" என்று தொட்டிக்கு முன்னாலேயே நின்றார். பெண்கள் இருவரும் மேலே போய்விட்டார்கள். நாற்பது நிமிஷம் நின்றிருப்பார். கடைசியில் ஒரு கை மட்டும் வெளியே வந்தது. திரும்பி என்னைப் பார்த்து, "வந்துடுச்சு" என்றார்.

நண்பருக்கு ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நீஸுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் இடது பக்கம் உட்கார வேண்டும். கடல் அந்தப் பக்கம் வந்துவிடும்.